மோட்டார் சைக்கிள் சாவி சுவிட்ச்

மோட்டார் சைக்கிளின் எரியூட்டல் மின்சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும், சாவியால் இயங்கும் சுவிட்ச் பேச்சு வழக்கில் சாவி சுவிட்ச் அல்லது இக்னிஷன் சுவிட்ச் எனப்படுகிறது. அதன் மின்பகுதியில் இருப்பவை சில செப்புத் தகடுகளும் சிறு வில்களும் மட்டுமே. ஆனால் இன்றைய வண்டிகள் பலவற்றில் அது பழுதானால், மாற்றும் வேலையைவிட அதை எட்டும் வேலையே அதிக நேரம் எடுக்கும். டூம், ஹெட்லைட், சில வண்டிகளில் பெட்ரோல் டேங்க்கூட இறங்க வேண்டியிருக்கும். இதை வடிவமைத்தவரின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எரியூட்டும் முறைகள் மாறியதும், வண்டித் திருட்டைத் தடுக்க வந்த விதிகளும் சேர்ந்தே சுவிட்சை அந்த இடத்துக்குத் தள்ளின.

சாவி இல்லாத காலம்

காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885-இல் உருவாக்கிய இருசக்கர வண்டியில் மின்சுவிட்சே கிடையாது. பர்னர் சுடரில் சிவக்கக் காய்ச்சிய ஒரு சிறு குழாய்தான் எரிபொருள் கலவையைப் பற்றவைத்தது. 1890களின் பிற்பகுதியில் வந்த பிரான்சின் டி டியோன்-பூட்டோன் மூன்று சக்கர வண்டிகள் பேட்டரியும் காயிலும் கொண்டு தீப்பொறி எழுப்பின. அவற்றில் கைப்பிடியைத் திருகினால் மின்சாரம் நின்றது. கழற்றி எடுத்துச் செல்லத்தக்க ஒரு செருகியும் இருந்தது. அதைச் சாவியின் முன்னோடி எனலாம்.

அன்றைய பேட்டரிகள் நெடுந்தூரப் பயணத்துக்கு நம்பத்தக்கவையாக இல்லை. 1902-இல் போஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோ இந்தச் சிக்கலைத் தீர்த்தது. எஞ்சின் சுழன்றாலே தீப்பொறி வரும் என்பதால், ஓட வைக்க சுவிட்ச் வேண்டியதில்லை, நிறுத்துவதற்குத்தான் வேண்டும். மேக்னெட்டோவின் முதன்மைச் சுருளை வண்டியின் உடலோடு எர்த் செய்தால் தீப்பொறி நின்றுவிடும். ஹேண்டில்பாரில் ஒரு பொத்தான் இதற்குப் போதும். அதுகூட இல்லாமல், வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவரைக் கொண்டே எஞ்சினை நிறுத்திய வண்டிகளும் உண்டு.

இந்தத் தலைகீழ் அமைப்பு பழுது பார்ப்பவருக்கு மிக முக்கியமானது. மேக்னெட்டோ வண்டியில் சுவிட்சுக்குப் போகும் ஒயர் அறுந்தால் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி வண்டியில் அதே ஒயர் அறுந்தால் நடுவழியில் நின்றுவிடும். ஒரே கோளாறு, நேரெதிரான இரண்டு விளைவுகள். இந்தியாவில் 1985-இல் அறிமுகமான யமஹா ஆர்.எக்ஸ். 100, பேட்டரி செத்த பிறகும் கிக்கரில் உயிர்பெற்றதற்கு மேக்னெட்டோவே காரணம். இத்தகைய வண்டியில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவது திருடனுக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை.

ஹெட்லைட்டுக்குள் புகுந்த சுவிட்ச்

மின்விளக்கு, ஹாரன், டைனமோ எனச் சாதனங்கள் பெருகியபோது ஒயர்கள் எல்லாம் ஹெட்லைட் கூட்டுக்குள் வந்து கூடின. சுவிட்சும் அங்கேயே இடம்பிடித்தது. மழை படாத இடம், ஒயரின் நீளமும் குறைவு. ராயல் என்ஃபீல்டு தன் 1954 மாடல்களில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர், சுவிட்ச் அனைத்தையும் ஒரே வார்ப்புக் கூட்டில் அடக்கி, அதற்குக் ‘காஸ்கெட்’ என்று பெயரிட்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டாக அமைந்த என்ஃபீல்டு இந்தியா, சென்னை திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டும் பல பத்தாண்டுகள் அந்த முகத்தோடுதான் வந்தது. ஹெட்லைட் வளையத்தைக் கழற்றிக் கண்ணாடியை முன்னால் இழுத்தால் உள்ளே ஒயர்கள் கற்றையாகத் தெரியும். கை நுழையும், கண் நுழையாது. விரலால் தடவித்தான் முனையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 1969–1973 காலத்து ‘ஸ்லாஷ் 5’ வரிசை வண்டிகளிலும் சாவி ஹெட்லைட்டின் மேல்தான் இருந்தது. ஆணி போன்ற அந்தச் சாவிக்குப் பல் வெட்டு கிடையாது. ஒரு வண்டியின் சாவி இன்னொரு வண்டிக்கும் பொருந்தும். அதைப் பூட்டு என்பதைவிடக் கழற்றக்கூடிய பொத்தான் என்பதே சரி. 1969-இல் வந்த ஹோண்டா சி.பி. 750 வேறு வழியில் போனது. அதன் முதல் மாடலில் சாவித் துளை டேங்கின் முன்பகுதிக்குக் கீழே இடப்பக்கம் இருந்தது. பின்வந்த மாடல்களில் அது மீட்டர்களின் அருகே ஏறியது.

அமெரிக்காவில் 1974 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் சைக்கிள் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான 123-ஆம் தரவிதி, எஞ்சினை உடனே நிறுத்தும் தனி சுவிட்சுக்கு வலது கைப்பிடியில் இடம் வகுத்தது. அவசரத்தில் கைக்கு எட்ட வேண்டிய கடமை அதற்குப் போய்விட்டதால், சாவி சுவிட்ச் எங்கே வேண்டுமானாலும் ஒளியலாம் என்ற நிலை வந்தது.

திருட்டும் தலை முறியும் போல்ட்டும்

நெடுங்காலம் ஹேண்டில் லாக் ஒரு பக்கம், சாவி சுவிட்ச் இன்னொரு பக்கம் எனத் தனித்தனியே இருந்தன. கைப்பிடியுள்ள வாகனங்களை அனுமதியின்றி எடுத்துச் செல்வதைத் தடுக்கும் கருவிகளுக்கான ஐ.நா.வின் 62-ஆம் ஒழுங்குவிதி 1984-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய சமூகம் 1993-இல் இதே பொருளில் ஓர் ஆணையை வெளியிட்டது. இரண்டு வேலையையும் ஒரே சாவியில் சேர்ப்பது பரவலாயிற்று. பூட்டின் நாக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டுமானால், சுவிட்ச் வண்டியின் கழுத்தருகில்தான் இருந்தாக வேண்டும். முன் ஃபோர்க்கின் இரு குழல்களையும் மேலே பிணைக்கும் தட்டின் அடியில் அது நிலைபெற்றது இப்படித்தான்.

அதைப் பொருத்தும் போல்ட்டும் மாறியது. பல வண்டிகளில், முறுக்கி முடித்ததும் தலை முறிந்து விழும் போல்ட்டுகள் போடப்படுகின்றன. பிறகு ஸ்பேனர் பிடிக்க எதுவும் மிஞ்சாது. திருடனைத் தடுக்கும் இந்த ஏற்பாடு, சாவியைக் கையில் வைத்திருக்கும் உரிமையாளரையும் மெக்கானிக்கையும் அதே அளவு தடுக்கிறது. போல்ட்டின் நடுவில் பஞ்ச் அடித்து, துளையிட்டு, எதிர்த்திசையில் திருகி எடுக்க வேண்டும். தட்டைத் தனியே கழற்றி மேசைமேல் வைத்துச் செய்பவர்களும் உண்டு.

பழுதும் மாற்றுதலும்

சுவிட்ச் கெடுவதற்கு மழைநீரும் காய்ந்த கிரீஸும் காரணமாகின்றன. ஆனால் அதிகம் ஏமாற்றுவது ஒயர்தான். ஹேண்டில்பார் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுவிட்சின் அடியில் ஒயர் வளைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. நேரே போகும்போது ஓடும் வண்டி, வளைவில் திரும்பும்போது சட்டென்று அணையும். பின்னால் லாரி வரும் சாலையில் இது உயிர் தொடர்பான விஷயம்.

ஹெட்லைட் மின்சாரமும் சாவி வழியாகவே போகும் வண்டிகளில் சுவிட்சின் சுமை கூடுகிறது. 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளின் ஹெட்லைட் பகலிலும் எரிய வேண்டும் என்பது கட்டாயமானதால், அத்தகைய வண்டிகளில் இந்தச் சுமைக்கு ஓய்வே இல்லை. விளக்குக்குத் தனி ரிலே வைத்தால் சுவிட்ச் தப்பும்.

மாற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சுவிட்சிலிருந்து வரும் கப்ளரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஹோண்டா வண்டிகளில் பொதுவாகச் சிவப்பு ஒயர் பேட்டரியிலிருந்து வருவது, கருப்பு சாவி போட்டபின் மின்சாரம் பெறுவது. சாவியைத் திருப்பியதும் இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு கிடைக்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே பார்த்தால்தான் அறுந்த இழை பிடிபடும்.

பல ஜப்பானிய வடிவமைப்புகளில் பூட்டு மேலேயும் மின்பகுதி கீழேயும் இருக்கும். இரண்டையும் சில சிறு திருகுகளோ பிளாஸ்டிக் கொக்கிகளோ பிணைக்கும். பூட்டைத் தொடாமல் கீழ்ப்பகுதியை மட்டும் மாற்ற முடிந்தால் பழைய சாவியே போதும், முறியும் போல்ட்டோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். அந்தப் பகுதி தனியே கிடைக்காதபோது டேங்க் மூடி, பக்கவாட்டுப் பூட்டு எல்லாம் அடங்கிய லாக் செட் முழுவதையும் வாங்க நேரிடுகிறது. நன்றாக வேலை செய்யும் இரண்டு பூட்டுகள் குப்பைக்குப் போகின்றன. வேண்டாமென்றால் ஒரே வண்டிக்கு இரண்டு சாவிகளைச் சுமக்க வேண்டும்.

1990களின் இறுதியில் பரவத் தொடங்கிய இம்மொபிலைசர், சாவிக்குள் ஒரு சிப்பை வைத்தது. அத்தகைய வண்டியில் புதிய சாவியை எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவு செய்யாவிட்டால் சுவிட்ச் சரியாக இருந்தும் எஞ்சின் எழாது. சாவியே இல்லாமல் இயங்கும் அண்மைக்கால மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் சுழலும் செப்புத் தகடும் மறைந்துவிட்டது. ஸ்டீயரிங்கைப் பூட்டும் சிறு மின்மோட்டார் மட்டும் அதே கழுத்தருகில் இருக்கிறது.