கொள்வினையும் கொடுப்பினையும்
(மாகலிற் கிடைத்த ஒரு கல் சொல்லும் சரித்திரம்)

மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில் இங்கிலாந்து மன்னர்களின் விவாக வரிசையை மனப்பாடம் செய்தவன் யான். லங்காஸ்டர் குடும்பம் எது, யோர்க் குடும்பம் எது, யார் மகளை யார் மணந்தார் என்று கேட்டால் உடனே விடை சொல்வேன். ஒரு விடுமுறையில் வீட்டிலே கலியாணப் பேச்சு நடந்தது. பாட்டியார் என்னை அழைத்து, "உன் கொப்பாட்டியின் பெயர் என்ன, சொல் பார்ப்போம்" என்றார். விழித்து நின்றேன். அந்த வெட்கத்திற் பிறந்ததே இக்கட்டுரை.

குலமரபு ஆராய்ச்சி என்பது வீண் பெருமை பேசும் வேலையன்று. மத்தியகால இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பங்களை ஆராய்வோர், யார் யாருக்குப் பெண் கொடுத்தார் என்பதைக் கொண்டே நிலம் கை மாறிய வரலாற்றையும், யுத்தத்தில் யார் எப்பக்கம் நின்றார் என்பதையும் அறிகின்றனர். நோர்பொக் நாட்டுப் பாஸ்டன் குடும்பத்தார் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதிய கடிதங்கள் இன்றும் உள. அவ்வீட்டு மகள் மார்ஜரி, தம் வீட்டுக் காரியஸ்தரான ரிச்சர்ட் கால் என்பவருக்கு இரகசியமாக வாக்குக் கொடுத்தாள். 1469இல் நொரிச் நகரத்து அத்தியட்சர் அவளை அழைத்து விசாரித்தார். அவள் தன் சொல்லில் நின்றாள். தாய் வீட்டுக் கதவை அடைத்தாள். ஆயினும் விவாகம் நிலைத்தது. அந்நாட்டில் ஆலயந்தோறும் விவாகப் பதிவேடு வைக்கும் கட்டளை பிறந்தது 1538இலேதான். அதற்கு முந்திய மார்ஜரியைக் கடிதங்களே நமக்குக் காட்டுகின்றன.

நம் பகுதியில் அத்தகைய சான்று உண்டா? உண்டு, அது காகிதத்தில் இல்லை, கல்லில் இருக்கிறது. புத்தளத்திலிருந்து குருநாகல் செல்லும் பாதையில் நிக்கவரட்டியாவுக்கு அண்மையில் புதுமுத்தாவ என்னும் ஊர் உளது. அங்கே கிடைத்த தமிழ்க் கற்றூண் சாசனமொன்று, ஜயபாகு மன்னனின் எட்டாம் ஆட்சியாண்டைக் குறிக்கின்றது. குலோத்துங்க சோழனின் மகளும், வீரப்பெருமாள் என்னும் பாண்டிய இளவரசனின் மனைவியுமான சுத்தமல்லி ஆழ்வார் என்பாள், மாகலில் இருந்த விக்கிரம சலாமேக ஈஸ்வரத்துக்கு விளக்குக் கொடுத்தாள் என்பது அதன் செய்தி.

சோழன் மகள், பாண்டியன் மனைவி, ஈழத்துக் கோயிலில் விளக்கு! இது எவ்வாறு நேர்ந்தது?

முதலாம் விஜயபாகு 1070இல் சோழரைப் பொலன்னறுவையிலிருந்து அகற்றியவன். அவன் தங்கை மித்தாவைச் சோழ மன்னன் பலமுறை பெண் கேட்டும் விஜயபாகு கொடுக்கவில்லை. பாண்டிய அரசகுமாரனுக்கே கொடுத்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அவளுக்கு மூன்று புதல்வர்: மாணாபரணன், கித்திசிறிமேகன், சிறிவல்லபன். விஜயபாகு 1110இல் இறந்தபோது, மித்தாவும் மைந்தரும் அவன் மகன் விக்கிரமபாகுவை விடுத்து, தம்பி ஜயபாகுவை அரசனாக்கினர். விக்கிரமபாகு அவர்களைப் போரில் வென்று பொலன்னறுவையைக் கைப்பற்றினான். தோற்ற சகோதரர் தென், மேல் நாடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். மாகல் அடங்கிய தக்கிணதேசம் மாணாபரணன் பங்காயிற்று.

இப்பொழுது கல்லை மீண்டும் நோக்குக. ஜயபாகு ஆட்சி இழந்த பின்னும் அவன் ஆண்டே அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே இப்பகுதி விக்கிரமபாகுவை ஏற்கவில்லை. மித்தாவின் மைந்தர் பக்கம் நின்றது என்பது பெறப்படும். அங்கே ஒரு பாண்டிய இளவரசனின் மனைவி தானம் செய்வதும் பொருந்துகின்றது. ஆயினும் வீரப்பெருமாள் மித்தாவின் மைந்தருள் ஒருவன் என்று உடனே முடிவு கட்டலாகாது. பெயரொற்றுமை ஏமாற்றும். மாணாபரணன் என்ற பெயர் மித்தாவின் மகனுக்கும் உண்டு; சிறிவல்லபனின் மகனுக்கும் உண்டு. இருவரையும் ஒருவராக்கினால் வமிசாவளி முழுவதும் குழம்பிவிடும்.

பெண்வழியை விட்டால் சரித்திரமே விளங்காது என்பதற்கு இன்னும் இரு சான்றுகள் கூறுவேன். முதலாம் மாணாபரணன் விஜயபாகுவின் மகள் இரத்தினாவளியை மணந்தான்; அவர்கள் மகனே 1153இல் முடிசூடிய மகா பராக்கிரமபாகு. தந்தைவழியில் அவன் பாண்டியன் பேரன். தாய்வழியில் விஜயபாகுவின் பேரன். அவன் மணந்த லீலாவதி, சிறிவல்லபனின் மகள். 1197 முதல் 1212 வரை மும்முறை அரியணை ஏறியவள். மற்றையவன் சுத்தமல்லியின் தந்தை குலோத்துங்கனே. தந்தைவழியில் அவன் கீழைச் சாளுக்கியன். தாய் அம்மங்கதேவி முதலாம் இராசேந்திரனின் மகள். பாட்டி குந்தவை முதலாம் இராசராசனின் மகள். அப்பெண்வழி உரிமையினாலேயே 1070இல் சோழ சிம்மாசனம் அவன் கைக்கு வந்தது. ஆண்களை மட்டும் எழுதிய ஏட்டில் அவன் சோழனாகவே தோன்றான்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? சிங்கள மன்னர், தமிழ் மன்னர் என்று இரு கோடுகளாகப் பிரித்து நாம் படிக்கும் அரச குலங்கள், தாய்மாரின் வழியாக ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. போர் செய்தவரும் சம்பந்திகளே. இதை மறந்து பழைய யுத்தங்களை மாத்திரம் நினைவிற் கொள்வது அரைச் சரித்திரம். அரைச் சரித்திரம் பொய்யினும் கேடு.

சூளவம்சம் பாடியோர் சுத்தமல்லியைப் பாடவில்லை. அவள் கொடுத்த விளக்கு என்றோ அணைந்தது. ஆனால் தந்தை பெயரும் கணவன் பெயரும் தன் பெயரும் கல்லில் நின்றமையால், ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளின் பின் இக்கரையோரத்து மாணவன் ஒருவன் அவளை அறிகிறான். நம் பாட்டிமாருக்கு அத்தகைய கல் ஏது?

ஆகையால் சங்கத்துத் தோழர்களே, ஒரு சிறு பணி செய்வோம். இவ்வருடம் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வாங்கி, வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து, எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தோம், எந்த ஊருக்குக் கொடுத்தோம் என்பதை எழுதுவோம். பெண்களின் பெயரை முதலில் எழுதுவோம். ஐயமுள்ளதை ஐயம் என்றே குறிப்போம். பெரியோர்களே, நீங்கள் சலிக்காது சொல்லுங்கள். என் பாட்டியார் அன்று நான்கு தலைமுறை சொன்னார். ஐந்தாவதை நாளை சொல்வதாகக் கூறினார். விடுமுறை முடிந்து யான் புறப்பட்டுவிட்டேன். அந்த நாளை பின்னர் வரவேயில்லை.