புற்றுநோய்க் கட்டி தனக்கென ரத்தக் குழாய்களை வளர்ப்பது எப்படி? அதைத் தடுக்கும் மருந்தால் எவ்வளவு பலன்?

கேரள எல்லையில் அமரவிளை, பாறசாலை பக்கம் ஒரு வீட்டில் கேன்சர் என்றால் பேச்சு பெரும்பாலும் போய் நிற்கும் இடம் ஆர்.சி.சி. 1981-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எல்லை தாண்டி குமரி மாவட்டத்திலிருந்தும் அங்கே போகிறார்கள். எந்த மருத்துவமனையானாலும், சீட்டில் கீமோ மருந்துகளோடு 'பெவாசிசுமாப்' என்று எழுதியிருந்தால், "இதுவும் கீமோவா?" என்ற கேள்வி வரும். இல்லை. இது குறிவைப்பது கட்டிக்கு ரத்தம் வரும் வழியை.

கட்டிக்கு எதற்கு ரத்தம்?

ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் பரவக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதனால் புதுக் குழாய் கிடைக்காத கட்டி 1-2 மி.மீ., அதாவது கடுகு அளவிலேயே நின்றுவிடும் என்றார் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மேன். அது 1971. அப்போது பலர் நம்பவில்லை.

கட்டியின் நடுவில் ஆக்சிஜன் குறையும்போது, வழக்கமாக உடனுக்குடன் சிதைந்துவிடும் ஹெச்.ஐ.எஃப். என்ற புரதம் சிதையாமல் தங்குகிறது. (ஆக்சிஜன் குறைவதை செல்கள் எப்படி அறிகின்றன என்ற இந்த ஆய்வுக்குத்தான் 2019 மருத்துவ நோபல்.) அது வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதத்தை அதிகம் தயாரிக்க வைக்கிறது. வி.இ.ஜி.எஃப். பக்கத்து ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில் போய் ஒட்டினால், அவை பெருகி கட்டியை நோக்கிக் கிளை விடும். நம் கையில் காயம் ஆறும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. காயம் ஆறியதும் அது நின்றுவிடும், கட்டியில் நிற்காது. அப்படி அவசரத்தில் முளைத்த குழாய்கள் கோணலாக, கசிவோடு இருக்கும். புற்றுநோய் செல்கள் வேறு உறுப்புக்குப் போக இதுவும் ஒரு வழி.

மருந்து என்ன செய்கிறது?

பெவாசிசுமாப் வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்து முடக்குகிறது. பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு, கீமோவோடு சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா 2004-ல் அனுமதி தந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் கீமோ மட்டும் எடுத்தவர்களின் சராசரி ஆயுள் (இடைநிலை மதிப்பு) 15.6 மாதம், இதையும் சேர்த்தவர்களுக்கு 20.3 மாதம். கூடுதல் 4.7 மாதம். 1998-ல் ஃபோக்மேனின் எலி ஆய்வுகளைப் பார்த்து, கேன்சரே ஒழியப்போகிறது என்ற தொனியில் பத்திரிகைகள் எழுதின. எண்கள் அவ்வளவு பேசவில்லை. ஒரு வழியை அடைத்தால் கட்டி வேறு சமிக்ஞைக்கு மாறிவிடுகிறது. ஆனாலும் அரைவாசிப் பேர் அந்த 20.3 மாதத்தைத் தாண்டியும் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காயம் ஆற்றும் அதே ஏற்பாட்டை மருந்து தடுப்பதால் ரத்த அழுத்தம் ஏறலாம், ரத்தக்கசிவு வரலாம், புண் ஆறத் தாமதமாகலாம். பெரிய ஆபரேஷன் முடிந்து குறைந்தது 28 நாள் ஆன பிறகே, புண் ஆறியதைப் பார்த்துக் கொடுப்பார்கள். பல் பிடுங்கப் போவதாக இருந்தாலும் முதலில் கேன்சர் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.