நாளும் நிலமும்

பத்தாம் வகுப்பு மாணவரிடம் 'எனது ஊர்' என்னும் பொருளிற் கட்டுரை வரைந்து வருமாறு சென்ற ஆண்டு கூறியிருந்தோம். ஆண்டுதோறும் வருவனவே இம்முறையும் வந்தன: பனங்கூடல், செம்மண் தோட்டம், வாசிகசாலை, தேர்த்திருவிழா. அவற்றிடையே ஒரு கட்டுரை எம்மைத் திகைக்க வைத்தது. அதை எழுதிய மாணவன் கமுரோச்சோ என்றோர் ஊரை விவரித்திருந்தான். செந்நிற மின்விளக்கு வளைவினூடாக உட்புகுந்து, நாடகசாலைச் சதுக்கத்தைக் கடந்து, சின்னஞ்சிறு மதுச்சாலைகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் கீழைமூலை வரை, சந்துகளின் ஒழுங்கு மாறாது எழுதியிருந்தான். மொழிப்பிழையும் குறைவு. ஒரேயொரு குறை, அப்படியோர் ஊர் உலகப் படத்தில் இல்லை என்பதே.

அழைத்து விசாரித்தோம். "எங்கட காணி இன்னும் உள்ளுக்கைதான் சேர். நான் ஊரைப் பாக்கேல்லை. தெரிஞ்ச ஊரைத்தானே எழுதலாம்," என்றான். அவனுடைய பாட்டனாரின் குடும்பம் 1990இல் மயிலிட்டியிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறியது. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி அவ்வாண்டில் வெறுமையாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டதாயினும், வலிகாமம் வடக்கின் காணிகள் அனைத்தும் உரியவர் கைக்கு மீளவில்லை.

வீடியோ விளையாட்டுக்களால் இளைஞர் கெடுகின்றனர் என்று ஒரு கண்டனக் கட்டுரை எழுதிவிடுதல் எமக்கு எளிது. எம்போன்ற ஆசிரியர்கள் சினிமாவைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக அவ்வாறே எழுதி வந்துள்ளனர். சினிமா அதனால் ஒரு காட்சியேனும் நிறுத்தப்பட்டதாக அறியோம். ஆகவே அந்த மாணவனையே ஆசானாகக் கொண்டு, விடுமுறை நாட்களில் இரண்டு யப்பானிய விளையாட்டுத் தொடர்களைக் கற்றோம். ஒன்று ஷென்மூ, மற்றையது யகூசா. இரண்டும் சேகா என்னும் ஒரே நிறுவனத்திற் பிறந்தவை. இவற்றைத் 'திறந்த உலக' விளையாட்டுக்கள் என்பர். வகுத்த பாதையில் மட்டும் ஓடாமல், ஆடுவோன் ஊருக்குள் தான் விரும்பிய திசையிற் சுற்றித் திரியலாம் என்பது அதன் பொருள். இரண்டிலும் தெருச்சண்டையுண்டு, பழியும் பகையும் உண்டு. எனவே பின்னது முன்னதன் வாரிசு என்று கூறுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவற்றின் கண்கள் வெவ்வேறு பொருள்களின்மீது பதிந்துள்ளன.

ஷென்மூவை ஆக்கியவர் யூ சுசூக்கி. 1958இற் பிறந்த இவர் 'ஹாங்-ஓன்', 'ஸ்பேஸ் ஹரியர்', 'அவுட் ரன்' ஆகியவற்றால் 1980களின் நடுப்பகுதியிலேயே புகழடைந்தவர். அவையெல்லாம் காசைப் போட்டதும் பறக்கத் தொடங்கி, சில நிமிடங்களில் முடிந்துவிடும் விளையாட்டுக்கள். வேகத்தால் வாழ்ந்த அவர், 1999 டிசெம்பர் 29இல் வெளியிட்ட ஷென்மூவில் வேகத்தையே ஏறக்குறையத் துறந்துவிட்டார்.

கதை 1986 நவம்பர் 29இல் யொக்கோசுக்கா என்னும் துறைமுக நகரில் தொடங்குகிறது. பதினெட்டு வயது இளைஞனான ரியோ ஹசூக்கி தன் தந்தை கொல்லப்படுவதைக் கண்ணெதிரே காண்கிறான். கொன்றவனைத் தேடிப் புறப்படுகிறான். இனிக் குதிரைப் பாய்ச்சலாகக் கதை செல்லும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் நடப்பது வேறு. காலையில் எழுகிறான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முதியவள் 500 யென் கைச்செலவுக்கு வைத்திருக்கிறாள். தெருவில் இறங்கி ஒவ்வொருவராக விசாரிக்கிறான். தேடும் ஆள் மாலையில் திறக்கும் மதுச்சாலையில் இருப்பான் என்று சொல்கிறார்கள். மாலை வரை என்ன செய்வது? காத்திருக்க வேண்டியதுதான். நேரத்தைத் தாண்டிக் குதிக்க அவ்விளையாட்டில் வழியில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சுற்றுகிறான். தாயை இழந்த பூனைக்குட்டிக்கு உணவு வைக்கிறான். தெருவில் வருவோர் போவோர்க்குப் பெயருண்டு, வீடுண்டு, கடை திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் உண்டு. வானிலைகூடக் கற்பனையன்று. 1986ஆம் ஆண்டு அந்நகரின் வானிலைப் பதிவுகளைப் பெற்று, அன்று பெய்த மழையை விளையாட்டிலும் பெய்ய வைக்கும் வசதியைச் செய்திருந்தனர்.

பின்பு எம்மை மிகவும் கவர்ந்த பகுதி வருகிறது. துப்பைத் தொடர்ந்து துறைமுகத்தை அடைந்த ரியோ, அங்கே நிலைத்து நின்று விசாரிப்பதற்காக வேலைக்குச் சேர்கிறான். ஃபோர்க்லிஃப்ட் எனும் பாரந்தூக்கி வண்டியை ஓட்டிப் பெட்டிகளை ஒரு கிட்டங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பெட்டி என்று கணக்குண்டு. நண்பகலில் உணவு இடைவேளை. பின் மீண்டும் பெட்டிகள். அடுத்த நாளும் அதுவே. உலகின் வீரகதைகளிலே பழிவாங்கச் சென்றோர் எண்ணற்றவர். அவர்களுள் நேரத்துக்கு வேலைக்குப் போய்க் கூலி வாங்கியவர் எத்தனை பேர்? சலிப்பூட்டும் பகுதி என்று பலர் இதனைப் பழித்தனர். சலிப்பூட்டுகிறது என்பது உண்மையே. உழைப்பின் நாள் எவ்வளவு நீளமானது என்பதை ஒரு வேடிக்கைச் சாதனம் இவ்வளவு துணிவோடு காட்டியதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

துணிவுக்கு விலையும் இருந்தது. செலவு 4 கோடி 70 இலட்சம் டொலர் எனச் சுசூக்கி பின்னாளிற் கூறினார். அக்காலத்தில் அது பெருந்தொகை. விளையாட்டு ஓடிய டிரீம்காஸ்ட் என்னும் பொறியின் உற்பத்தியை நிறுத்துவதாக 2001 தொடக்கத்தில் சேகா அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. கதை ஹொங்கொங்குக்கு நகர்ந்தது. அங்கே ஒரு கோயிலில் ரியோவுக்கு இடப்படும் வேலை, நூல்களை வெளியே தூக்கிச் சென்று காற்றாட வைத்தல். ஏடுகளையும் நூல்களையும் வெயிலிற் காயவைக்கும் வழக்கமறிந்த எமக்கு அக்காட்சி அந்நியமாகவில்லை. கௌலூன் மதில் நகரமும் அப்பாகத்தில் இடம்பெறுகிறது. மெய்யான மதில் நகரத்தை 1993-94இல் இடித்துப் பூங்காவாக்கிவிட்டார்கள். ஊர் போய்விட்டது; அதன் இருண்ட படிக்கட்டுகளின் ஒரு நிழல் விளையாட்டில் நிற்கிறது. மூன்றாம் பாகத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2015இல் 69,320 பேர் சேர்ந்து 63 இலட்சம் டொலருக்கு மேற் கொடுத்தனர்; 2019 நவம்பரில் அது வெளிவந்தது. கதை இன்னும் முடியவில்லை.

யகூசாவைப் படைத்த தொஷிஹிரோ நாகோஷி, சுசூக்கியின் பிரிவிலே தொழில் பயின்றவர். 2005 டிசெம்பர் 8இல் முதற்பாகம் வெளியாயிற்று. யகூசா என்பது யப்பானின் அமைப்பு வகைப்பட்ட குற்றக் கும்பல்களைக் குறிக்கும் சொல். அதன் நாயகன் கசூமா கிரியூ தான் செய்யாத கொலையை ஏற்று 1995இற் சிறை செல்கிறான். 2005இல் வெளிவந்து தன் பழைய தெருக்களில் நிற்கிறான். 1995 என்னும் ஆண்டைத் திரையிற் கண்டபோது எமது மாணவன் ஒன்றையும் உணர்ந்திருக்க மாட்டான். ஒக்டோபர் 30இன் இரவில் செம்மணிப் பாதையில் நெருங்கி நின்ற தலைமுறைக்கு அவ்வெண் வேறொன்று.

கமுரோச்சோவின் மூலம் ரோக்கியோவிலுள்ள கபுக்கிச்சோ. அதன் பெயரே ஒரு வரலாறு. 1945இன் குண்டுவீச்சில் எரிந்துபோன அப்பகுதியைக் கலைநகரமாகக் கட்டுவதென்றும், கபுக்கி நாடகத்துக்கு ஓர் அரங்கு அமைப்பதென்றும் போருக்குப்பின் திட்டமிட்டனர். 1948இல் அரங்கின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டார்கள். அரங்கு மட்டும் வரவேயில்லை. கலை வராத இடத்தில் மதுவும் சூதும் வந்து குடியேறின.

இத்தொடரில் ஷென்மூவின் கடிகாரம் இல்லை. கதை வேண்டும்போது பொழுது சாயும், வேண்டும்போது விடியும். தெருவில் நடப்போர் பெரும்பாலும் பெயரற்ற கூட்டம். ஆனால் ஷென்மூவில் இல்லாத ஒன்று இங்குண்டு. ஷென்மூ ஊரைவிட்டு ஊருக்குப் போய்விடுகிறது. யகூசாவோ புதிய நகரங்களைச் சேர்த்துக்கொண்டாலும், பாகத்துக்குப் பாகம் அதே தெருக்களுக்கு மீள்கிறது, ஆண்டுகள் கடக்கின்றன, ஒரே நிலம் கைமாறுவதை நாம் காண்கிறோம். முதற்பாகத்தில் வீடற்றோர் ஒண்டிக் கிடந்த மேற்குப் பூங்கா, பிந்திய பாகங்களில் பெருங்கட்டடமாகிவிடுகிறது. அவர்கள் எங்கே போயினர் என்ற கேள்வி ஆடுவோன் மனத்தில் எழாமற் போகாது.

2015இல் வெளியான 'யகூசா 0' கதையை 1988 டிசெம்பருக்குப் பின்னகர்த்துகிறது. அக்காலம் யப்பானின் காணிப் பித்துக் காலம். 1985இன் பிளாசா உடன்படிக்கையால் யென்னின் மதிப்பு ஏறியது. ஏற்றுமதி தளராதிருக்க வட்டி குறைக்கப்பட்டது. மலிந்த கடன் நிலத்திலும் பங்குகளிலும் பாய்ந்தது. 1989 டிசெம்பர் 29இல் நிக்கேய் பங்குச் சுட்டி 38,915ஐத் தொட்டு, அதன்பின் சரிந்தது. (ஷென்மூ வெளியானது சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, அதே நாளில். இது வெறும் தற்செயல். ஆயினும் குறித்துவைக்கத் தோன்றுகிறது.) சிறு வீட்டுக்காரரையும் கடைக்காரரையும் மிரட்டி எழுப்பி, துண்டுக் காணிகளை ஒன்றாக்கிப் பெருநிறுவனங்களுக்கு விற்பதைத் தொழிலாகக் கொண்ட கும்பல்கள் அன்று மெய்யாகவே இயங்கின. விளையாட்டின் கதைமுடிச்சும் அதுவே: சில அடி அகலமான ஒரு வெற்றுநிலம். அதன் உரித்தாளர் யார் என்று அறிவதற்காகக் கொலைமேற் கொலை விழுகிறது. முந்திய பாகங்களை ஆடியவர்க்குத் தெரியும், அவ்விடத்தில் வானளாவிய கோபுரம் எழப்போகிறது. ஒருவனை அடித்தால் இரத்தத்துக்குப் பதிலாக அவனுடலிலிருந்து பணத்தாள்கள் சிதறுகின்றன! பொருளாதார நூல் ஒன்று பல பக்கங்களிற் சொல்வதை இக்கேலிச்சித்திரம் ஒரு நொடியிற் சொல்லிவிடுகிறது.

1986இன் யொக்கோசுக்காவும் 1988இன் கமுரோச்சோவும் ஒரே நாட்டில், புகைவண்டியில் ஒருசில மணித்தியாலத்துள் சென்று திரும்பக்கூடிய தொலைவில், ஒரே பணப்பெருக்கின் நிழலில் உள்ளவை. ஒன்று நாளைப் பார்க்கிறது: ஒரு மனிதன் காலை முதல் இரவு வரை எவ்வாறு கழிக்கிறான், யார் வீட்டு வாசலில் நின்று பேசுகிறான், எத்தனை பெட்டி தூக்குகிறான். மற்றையது நிலத்தைப் பார்க்கிறது: இது யாருடையது, யார் எடுக்கிறார், எழுப்பப்பட்டவன் எங்கே படுக்கிறான்.

குறைகளைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. யொக்கோசுக்கா அமெரிக்க ஏழாம் கடற்படையின் தளம். தளத்தின் அருகேயுள்ள டொபுயித்தா வீதியையே ஷென்மூ தன் கடைத்தெருவாகக் கொண்டுள்ளது. அமெரிக்க மாலுமிகள் அங்கே திரிகின்றனர். அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று விளையாட்டு கேட்பதில்லை. மழையின் கணக்கைத் திருத்தமாக வைத்திருந்தவர்கள் இதனை விட்டது சிறு குறையன்று. யகூசாவின் குற்றமோ வேறுவகை. 1991இல் சட்டமியற்றிக் கட்டுப்படுத்த வேண்டியிருந்த கொடிய கும்பலொன்றின் ஆட்களை மானமும் கண்ணீரும் நிறைந்த வீரராக்கி விற்கிறது. பெண்களைப் பெரும்பாலும் மதுவிடுதியின் அலங்காரமாகவும் மீட்கப்பட வேண்டிய பொருளாகவும் வைக்கிறது. பதினைந்து வயது மாணவன் இதனை ஆடலாமா என்று பெற்றோர் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வோம். அவன் ஏற்கனவே ஆடிவிட்டான் என்பது வேறு விடயம்.

ஆயினும் தளத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்டது யகூசாவே. 2009இல் வந்த மூன்றாம் பாகத்தில் கிரியூ ஒக்கினாவாக் கடற்கரையில் ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்துகிறான். அக்காணியை உல்லாச விடுதிக்காகவும் இராணுவத் தளத்துக்காகவும் கையகப்படுத்தும் திட்டம் வருகிறது. ஒக்கினாவா 1972 வரை அமெரிக்க ஆட்சியிலிருந்த தீவு. யப்பானில் அமெரிக்கப் படைக்கென ஒதுக்கிய நிலத்தில் ஏறக்குறைய எழுபது வீதம் இன்றும் அச்சிறு தீவிலேயே உள்ளது. விடுதியும் தளமும் ஒரே கடற்கரையைக் கேட்டுவரும் கதையை மயிலிட்டியிலும் பலாலியிலும் இருந்து எழும்பியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2020இல் யகூசாவின் ஏழாம் பாகம் புதிய நாயகன் ஒருவனை யொக்கோஹாமாவில் வீடற்றோர் நடுவே கொண்டுபோய்ப் போட்டது. அவன் வேலைவாய்ப்பு நிலையத்தில் வரிசையில் நிற்கிறான். ரியோ பெட்டி தூக்கியதன் பின் இருபது ஆண்டுகள் கழித்து, மற்றைத் தொடரும் வேலையைத் தேடி வந்தது.

மாணவனின் கட்டுரைக்கு நாம் புள்ளி இடவில்லை. திருப்பிக் கொடுத்து, இரண்டு கேள்விகளை மட்டும் எழுதிவிட்டோம்: உன் ஊரில் எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறந்தது? எந்தக் காணி யாருடையது? மூன்று கிழமைக்குப்பின் அவன் நாலு தாள்களைக் கொண்டுவந்தான். முதற் தாளில் வள்ளங்கள் கரைசேரும் நேரம், தேத்தண்ணீர்க் கடை, வாடிகள், ஐஸ் வரும் லொறி எல்லாம் அம்மம்மா சொன்னபடி இருந்தன. இரண்டாந் தாளில் ஒரு ஒழுங்கையின் படம்; இருபுறமும் பதினொரு காணிகள். பத்தில் பெயர் இருந்தது. கிணற்றுக்கு அருகேயுள்ள ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அந்த வீட்டுக்காரரின் மகள் கனடாவில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை அம்மம்மா அழைத்துக் கேட்டபின் நிரப்பித் தருவதாகவும் கீழே பென்சிலால் எழுதியிருந்தான்.