இப்தாவின் நேர்ச்சையும் தலைவர்தம் ஞானமும்

சொன்ன சொல்லைக் காப்பது சான்றோர்க்கு அழகு. அதுவும் கடவுளுக்குக் கொடுத்த சொல் என்றால் அதன் கனம் இன்னும் மிகுதி. ஆனால், நாம் கொடுத்த சொல் பிறர் ஒருவரின் உயிரை விலையாகக் கேட்டால், அப்போதும் அதைக் காப்பது இறைப்பற்று ஆகுமா? இஸ்ரயேலின் வரலாறு இக்கேள்வியைப் பலமுறை எழுப்புகிறது. அது தரும் விடையைச் சில தலைவர்களின் வாழ்விலிருந்து இங்கே சிந்திப்போம்.

நீதித் தலைவர்களின் காலம் ஏறத்தாழ கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகள். இஸ்ரயேலுக்கு அப்போது மன்னர் இல்லை. நெருக்கடி வரும்போதெல்லாம் ஒரு தலைவர் எழுந்தார். யோர்தானுக்குக் கிழக்கே கிலயாதில் பிறந்தவர் இப்தா. விலைமகளின் மைந்தர் என்று இகழ்ந்து, தந்தையின் சொத்தில் பங்கில்லை எனச் சகோதரர்களே அவரைத் துரத்தினர். தோபு நாட்டில் வீணரோடு திரிந்த அவரிடமே, அம்மோனியர் படையெடுத்தபோது கிலயாதின் பெரியோர் வந்து நின்றனர். வென்றால் தம்மைத் தலைவராக்க வேண்டும் என்று பேசி முடித்த பின்னரே இப்தா புறப்பட்டார்.

ஆயினும் அவர் உடனே வாளை உருவவில்லை. அம்மோனிய மன்னனிடம் இருமுறை தூதரை அனுப்பினார். இஸ்ரயேலர் 300 ஆண்டுகளாக அந்நிலத்தில் குடியிருப்பதை எடுத்துக்காட்டி, போரைத் தவிர்க்க வழக்காடினார். விவேகமுள்ள தலைவரின் செயல் இது. மன்னன் செவிமடுக்கவில்லை. அப்போது ஆண்டவரின் ஆவி இப்தாவின் மேல் வந்தது என்கிறது நீதித் தலைவர்கள் நூல், 11ஆம் அதிகாரம். நேர்ச்சை அதன் பின்னரே வருகிறது. இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். கடவுள் தம் அருளை ஏற்கெனவே தந்துவிட்டார். அதற்கு விலை பேசவேண்டிய தேவையே இல்லை. ஆனால், பெரியோரிடம் பேரம் பேசிய நா கடவுளிடமும் பேரம் பேசிற்று. வெற்றியோடு திரும்பும்போது தம் வீட்டு வாயிலிலிருந்து எதிர்கொண்டு வருவதை எரிபலியாக்குவதாக அவர் நேர்ந்துகொண்டார்.

இருபது நகர்கள் வீழ்ந்தன. மிஸ்பாவில் அவரை எதிர்கொள்ள மேளம் கொட்டி ஆடி வந்தவள் அவருடைய ஒரே மகள். இப்தா தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார். துயரம் தந்துவிட்டதாக அவளையே நொந்துகொண்டார். வாய் திறந்தவர் தந்தை. பழி சுமந்தவள் மகள். அவள் இரண்டு மாதத் தவணை கேட்டுத் தோழியரோடு மலைகளில் அழுது திரும்பினாள். அவர் நேர்ந்தபடியே நடந்தது. அவள் பெயரைக்கூட நூல் நமக்குத் தரவில்லை. இஸ்ரயேல் பெண்கள் ஆண்டுதோறும் நான்கு நாள்கள் அவளுக்காகப் புலம்பினர் என்று மட்டும் சொல்லி முடிக்கிறது.

அவளைக் காப்பாற்ற வழியே இல்லையா? புதல்வர் புதல்வியரை நெருப்பில் பலியிடுவதை ஆண்டவர் வெறுக்கிறார் என்று இணைச்சட்டம் அறிவிக்கிறது. ஆண்டவருக்கு நேர்ந்துகொள்ளப்பட்ட மனிதருக்கு மீட்புத் தொகையை லேவியர் நூலின் 27ஆம் அதிகாரம் வகுக்கிறது. ஐந்து வயது முதல் இருபது வயது வரையிலான பெண்ணுக்கு அது 10 செக்கேல் வெள்ளி. யூத மரபில் ஒரு விளக்கக் கதை உண்டு. தலைமைக் குரு பினகாசு அந்த நேர்ச்சையை நீக்கியிருக்கலாம். ஆனால், அவன் என்னிடம் வரட்டும் என்று குருவும், நாட்டின் தலைவனாகிய நானா அவரிடம் போவது என்று இப்தாவும் இருந்துவிட்டனராம். இருவரின் செருக்கிற்கும் இடையே ஒரு பெண் மடிந்தாள். அந்த இரண்டு மாதங்களில் கிலயாதின் பெரியோருள் ஒருவரேனும் தடுத்ததாக விவிலியத்திலும் குறிப்பு இல்லை. நேர்ந்தபோது இப்தாவிடம் அறிவில்லை, நிறைவேற்றியபோது இறைப்பற்றில்லை என்பது புனித எரோணிமுசின் பெயரால் புனித தோமா அக்குவினாஸ் எடுத்தாளும் தீர்ப்பு. எபிரேயர் திருமுகம் இப்தாவை நம்பிக்கையின் மாந்தருள் சேர்ப்பது உண்மையே. ஆனால், அது அவருடைய நேர்ச்சையைப் புகழவில்லை.

பின்னர் எப்ராயிமர் சினந்து வந்தபோதும் இப்தாவின் தலைமை தடுமாறிற்று. அதே எப்ராயிமரின் சினத்தை முன்பு கிதியோன் பணிவான சொற்களால் தணித்திருந்தார். இப்தாவோ போர் தொடுத்தார். எப்ராயிமருள் 42,000 பேர் மாண்டனர். அவர் தலைமை ஆறு ஆண்டுகளே நீடித்தது.

மன்னர் சவுலின் வரலாறும் இதை ஒத்தது. பெலிஸ்தியரோடு போரிட்ட நாளில், மாலைக்குமுன் உண்பவன் சபிக்கப்பட்டவன் என்று அவர் ஆணையிட்டார். அதை அறியாத அவர் மகன் யோனத்தான் கோலின் நுனியால் சிறிது தேனைத் தொட்டு உண்டார். மகனே ஆயினும் சாகவேண்டும் என்று சவுல் உறுதியாக நின்றார். இங்கே மக்கள் வாளாவிருக்கவில்லை. இஸ்ரயேலுக்கு வெற்றி தந்தவரின் தலைமுடி ஒன்றும் தரையில் விழாது என்று எதிர்த்து நின்று யோனத்தானை மீட்டனர். மிஸ்பாவில் இல்லாத குரல் இங்கே எழுந்தது.

தாவீது இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். நாபால் தம்மை இகழ்ந்தான் என்பதற்காக, அவன் வீட்டு ஆண்களுள் ஒருவரையும் விடேன் என்று ஆணையிட்டு 400 பேரோடு புறப்பட்டார். நாபாலின் மனைவி அபிகாயில் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டு வழியிலேயே அவரைச் சந்தித்து, வீணாக இரத்தம் சிந்திய பழி அவர் நெஞ்சை உறுத்தவேண்டாம் என்று மன்றாடினார். தாவீது தம் ஆணையை விட்டார். தம்மைத் தடுத்த பெண்ணுக்காகக் கடவுளைப் போற்றினார். வருங்கால மன்னரின் தகுதி அன்று வெளிப்பட்டது. ஏரோதோ திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டபோது வருந்தினான். ஆயினும் தன் ஆணையையும் விருந்தினரின் முகத்தையும் எண்ணி இறைவாக்கினரைக் கொன்றான். தன் பெயரைக் காக்கப் பிறர் உயிரைக் கொடுப்பவன் தலைவன் ஆகான்.

நம் திருச்சபை இப்பாடத்தைச் சட்டமாகவே வகுத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, நேர்ச்சை என்பது இயலக்கூடிய, மேலான ஒரு நன்மையைப் பற்றி, தெளிந்து, சுதந்திரமாகக் கடவுளுக்குத் தரும் வாக்குறுதி. அது நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். தகுந்த காரணம் இருந்தால், பிறர் பெற்ற உரிமைக்கு ஊறு நேராதபடி, தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து பங்குத்தந்தையே விலக்களிக்கலாம். நேர்ந்தவர் தாமாகவே அதனினும் மேலான அல்லது அதற்கு நிகரான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளவும் கூடும்.

பிள்ளை நோயுற்றபோது, பிழைத்தால் அவனைக் குருமடத்திற்கோ அவளைக் கன்னியர் மடத்திற்கோ தருவதாக நேர்ந்துகொள்ளும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களின் கண்ணீரை நாம் இகழவில்லை. ஆனால், அழைப்பு இறைவனுடையது, மறுமொழி பிள்ளையுடையது. அதைப் பெற்றோரின் நேர்ச்சை தீர்மானிக்க இயலாது. அத்தகைய நேர்ச்சை நெஞ்சை அழுத்துமானால், பிள்ளையை அழுத்தாமல் பங்குத்தந்தையிடம் வந்து பேசுவதே முறை. பினகாசைப் போல அவர் வாயிலில் காத்திருக்கவும் கூடாது; குருக்களாகிய நாங்கள் எழுந்து செல்லக் கடமைப்பட்டவர்கள்.

குடும்பத்திலும் பங்கிலும் சங்கங்களிலும் நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் தலைவர்களே. பேசுமுன் எண்ணிப் பார்ப்போம். தவறாகப் பேசிவிட்டால், நம்மைத் தடுக்க வரும் அபிகாயிலுக்கு வழிவிடுவோம். பிறர் தவறிய இடத்தில், சவுலின் வீரரைப் போல எழுந்து நிற்கும் துணிவையும் இறைவனிடம் இறைஞ்சுவோம். இப்தாவின் மகளுக்கு அன்று வேண்டியிருந்தது அத்தகைய ஒரே ஒரு குரல்.