நாய்க்குட்டியும் துணிவும்

'அடியாத மாடு படியாது' என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மாட்டைப் பற்றி எழுந்ததாயினும், குதிரைக்கும் நாய்க்கும், சில வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அதனைப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். இக்கருத்து நமக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசும் நாடுகளில் வேட்டை நாயைப் பழக்குவதற்கு வழங்கிய சொல்லின் நேர்ப்பொருள் 'முறித்தல்' என்பதாகும். நாயின் மனத்தை முறித்தாலன்றி அது மனிதனுக்குப் பணியாது என்பது அச்சொல்லுக்குள் அடங்கிய கொள்கை. சாட்டையும் முட்கள் பதித்த கழுத்துப்பட்டையும் அதற்கு வேண்டிய கருவிகள். இளங்குட்டியின் உடல் இவற்றைத் தாங்காது. ஆகவே ஆறு மாதமேனும் நிரம்பட்டும் என்று பழக்குவோர் பலர் காத்திருந்தனர். அவ்வாறு காத்திருந்தது எத்துணைப் பெரிய இழப்பு என்பது பின்னரே விளங்கிற்று.

அமெரிக்காவில் ஹாம்மண்ட் என்னும் வேட்டைக்காரர் 1880க்குப் பிந்திய ஆண்டுகளில், வேட்டை இதழ் ஒன்றிலும் பின்னர்த் தனி நூலாகவும் இதனை மறுத்து எழுதினார். நாயை முறிப்பது வேறு, பழக்குவது வேறு என்பது அவர் கட்சி. சாட்டையை ஒதுக்கிவிட்டு, சரியாகச் செய்தவுடன் சிறிய இறைச்சித் துண்டு ஒன்றைக் கொடுங்கள் என்றார். அவர் அறிவியலார் அல்லர். கண்ணால் கண்டதை எழுதியவர். சில ஆண்டுகளில் அறிவியலும் அவ்வழிக்கு வந்தது. 1898இல் தார்ண்டைக் என்னும் இளைஞர், பூனைகளையும் நாய்களையும் மரச்சட்டப் பெட்டிகளில் அடைத்து, அவை கயிற்றை இழுத்தோ தாழை அழுத்தியோ வெளிவரக் கற்கும் வகையை ஆராய்ந்தார். இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது.

எனினும் விதி ஏட்டில் இருந்தது. சாட்டை நடைமுறையில் இருந்தது. 1910இல் ஜெர்மானியரான கான்ராட் மோஸ்ட் எழுதிய நூல், காவல் துறை நாய்களையும் படை நாய்களையும் பழக்கும் முறையை நெடுங்காலம் ஆண்டது. அவர் கொடியவர் அல்லர். பரிசின் பயனை நன்கு அறிந்தவர். நாய் மனிதனைப் போல் சிந்திப்பதாகக் கருதுவது பிழை என்று தெளிவாகக் கூறியவர். ஆயினும் அவர் முறையின் முதுகெலும்பு வலுக்கட்டாயமே.

இம்முறைக்கு ஒரு சோதனை முதல் உலகப் போரில் வந்தது. போர்முனையில் தொலைபேசிக் கம்பிகள் குண்டுகளால் அறுந்து போயின. செய்தி கொண்டு ஓடிய வீரர்கள் வழியிலேயே மடிந்தனர். நாயை அனுப்பலாமா என்று பிரிட்டிஷ் படையினர் எண்ணினர். 1917இல் ரிச்சர்ட்ஸன் என்னும் அதிகாரியின் தலைமையில் எஸெக்ஸ் கடற்கரையில் உள்ள ஷூபரினெஸில் ஒரு பள்ளி அமைந்தது. நாதியற்ற நாய்களின் காப்பகங்களிலிருந்து வந்தவையும், மக்கள் மனமுவந்து கொடுத்தவையும் அங்கே மாணவர்களாயின. செய்தி நாயின் தொழிலைச் சற்று எண்ணிப் பாருங்கள். போர்முனையில் அதன் கழுத்தில் செய்தியைக் கட்டி அவிழ்த்துவிட்டால், பின்னணியில் இருக்கும் தன் காப்பாளரிடம் அது தனியே ஓடி வரவேண்டும். வழியில் பிடித்து இழுக்கக் கயிறு இல்லை. அதட்ட ஆளும் இல்லை. அஞ்சிப் பழகிய நாய் இவ்விடத்தில் என்ன செய்யும்? ஏதேனும் ஒரு புதரில் பதுங்கிக்கொள்ளும். ஆதலால் ரிச்சர்ட்ஸன் கடுமையை அறவே விலக்கினார். ஓடிவந்து சேர்ந்த நாய்க்கு உணவும் பாராட்டும் காத்திருக்கும். சிறு தொலைவிலிருந்து தொடங்கி நாள்தோறும் தொலைவைக் கூட்டினர். துப்பாக்கி ஓசைக்கும் சிறிது சிறிதாகப் பழக்கினர். அங்கே கற்பித்தது ஓட்டத்தை அன்று. ஓட எந்த நாய்க்கும் தெரியும். தனியே முடிவெடுத்து ஓடும் துணிவையே கற்பித்தார்கள் என்பது என் கருத்து.

அச்சம் கல்விக்கு என்ன தீங்கு செய்யும் என்பதை இயற்கையே ஒரு முறை காட்டிற்று. 1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடு நகரில் நேவா ஆறு பெருக்கெடுத்தது. மணியோசை கேட்டவுடன் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறச் செய்த பாவ்லாவைப் பற்றி மாணவர்கள் படித்திருப்பீர்கள். அவருடைய நாய்க்கூடங்களில் வெள்ளம் புகுந்தது. நாய்கள் கூண்டின் உச்சியில் மூக்கை நீட்டி நீந்திக்கொண்டிருந்தன. கூண்டின் வாயிலோ தாழ்ந்திருந்தது. பணியாட்கள் அவற்றின் தலையை நீருக்குள் அமிழ்த்தியே வெளியே இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நாய்கள் பிழைத்தன. ஆனால் அவற்றுள் சில, பல மாதங்களாகக் கற்றிருந்தவற்றை இழந்துவிட்டன. ஒரு நாயைப் பொறுமையாகத் தேற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னர், ஆய்வு அறையின் கதவுக்கு அடியில் சிறிது நீரைக் கசியவிட்டார்கள். அவ்வளவுதான், கற்றது மீண்டும் கலைந்தது.

வெகுமதி முறையை எளிய விளையாட்டாக்கிப் பொதுமக்கள் கையில் கொடுத்தவர் ஸ்கின்னர். 1951இல் ஓர் அறிவியல் இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று எழுதினார். குழந்தைகள் அழுத்திக் 'கிளிக்' என்று ஒலி எழுப்பும் தகரப் பொம்மை ஒன்றும், சிறு தின்பண்டத் துண்டுகளும் போதும் என்றார். முதலில் ஒலி, உடனே தின்பண்டம். இவ்வாறு பன்முறை செய்தால் ஒலியே நற்செய்தியாகிவிடும். பிறகு விளையாட்டுத் தொடங்கும். நாய் அலமாரிப் பக்கம் தலையைத் திருப்பியவுடன் ஒலி. ஓர் அடி நெருங்கினால் ஒலி. கைப்பிடியை மூக்கால் தொட்டால் ஒலி. தின்பண்டத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் நாய் வேறு ஏதேனும் செய்துவிடும். ஒலியோ அந்தக் கணத்தையே சுட்டிக்காட்டும். இதில் யாரும் நாயைத் தள்ளுவதில்லை, இழுப்பதுமில்லை. இதுவோ அதுவோ என்று அதுவே முயன்று பார்க்கிறது. ஸ்கின்னரின் மாணவர்களான பிரிலண்ட் தம்பதியர் இம்முறையைத் தொழிலாகவே நடத்தி, தீவனக் கம்பெனிகளின் காட்சிகளில் கோழிகளைக் கூட வித்தை காட்டச் செய்தனர்.

இனிக் குட்டிகளுக்கு வருவோம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்னும் இருவர் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். அதன் பயனான பெருநூல் 1965இல் வெளிவந்தது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை, குட்டியின் மனக்கதவு திறந்திருக்கும் காலம் என்று கண்டார்கள். அந்நாட்களில் பழகிய மனிதரும் ஓசையும் இடமும் பின்னாளில் அதற்கு அச்சம் தருவதில்லை. அங்கேயே நடந்து 1961இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதத் தொடர்பே இல்லாமல் வேலியிட்ட திடலில் பதினான்கு வாரம் வரை வளர்ந்த குட்டிகள், பின்னர் எவ்வளவு முயன்றும் காட்டு விலங்கு போல் மிரண்டே இருந்தன. ஆறு மாதம் காத்திருந்த பழைய பழக்குநர்கள், கதவு சாத்திய பின்னரே வந்து தட்டியிருக்கிறார்கள்.

இக்கண்டுபிடிப்பின் பயனைப் பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களிடம் காணலாம். அத்தகைய நாய்க்குப் பணிவு மட்டும் போதாது. 'முன்னே செல்' என்று தலைவர் ஆணையிட, எதிரே மோட்டார் வண்டி விரைந்து வந்தால், நாய் ஆணையை மீறி நிற்க வேண்டும். அடிக்கு அஞ்சி வளர்ந்த நாய் தலைவரை மறுத்து நிற்குமா? கலிபோர்னியாவில் சான் ரபேல் நகரத்தில் இருந்த வழிகாட்டி நாய்ப் பள்ளியில், தொடக்க காலத்தில் பயிற்சிக்கு வந்தவற்றுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே தேறின. அப்பள்ளிக்கு உழைத்த பாபன்பர்கர் என்பவர் ஸ்காட்டின் துணையை நாடினார். எட்டாவது வாரத்திலிருந்தே குட்டிகளுக்குச் சிறு விளையாட்டுத் தேர்வுகள் வைத்தனர். அவை முடிந்ததும் காலம் தாழ்த்தாமல் ஊர்ப்புற இளைஞர் கழகச் சிறுவர் சிறுமியரின் வீடுகளில் வளர அனுப்பினர். கொட்டிலிலேயே சில வாரம் கூடுதலாகத் தங்கிவிட்ட குட்டிகள் பிற்காலத்தில் பெருமளவில் தோற்றன. மற்றவை பெரும்பாலும் தேறின. உங்களையொத்த வயதினரின் கையில்தான் அந்நாய்களின் துணிவு உருவாயிற்று.

அடுத்துக் கூறப்போவது இன்பமான கதையன்று. 1967இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மெயர் என்னும் இருவர் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து ஆராய்ந்தனர். இன்று அத்தகைய சோதனைக்கு எளிதில் இசைவு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. என்ன செய்தாலும் அதிர்ச்சியை நிறுத்த முடியாத நிலையில் கட்டுண்டிருந்த நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர்த் தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினாலே தப்பலாம் என்ற இடத்திலும் தாண்டவில்லை, முனகிக்கொண்டு படுத்துவிட்டன. ஆனால் தொடக்கத்தில் தன் முயற்சியால் அதிர்ச்சியை நிறுத்தப் பழகியிருந்த நாய், இடையில் எவ்வளவு இன்னலுற்றாலும் பின்னர்த் தடுப்பைத் தாண்டியது. 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று இதற்குப் பெயரிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அவ்விருவரே தம் கொள்கையைத் திருத்தினர். எலிகளின் மூளையை ஆராய்ந்து கண்டதன்படி, நெடுந்துன்பத்தின்முன் செயலற்றுக் கிடப்பதே உயிரின் இயல்பு; அதனை யாரும் கற்க வேண்டியதில்லை. 'என் செயலுக்குப் பயன் உண்டு' என்பதே உயிர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

இவ்விடத்தில் ஸ்கின்னரின் அலமாரி விளையாட்டை மீண்டும் நினைவுகூருங்கள். அட்டைப்பெட்டி ஒன்றில் தின்பண்டத்தை இட்டுத் தரையில் வைக்கிறோம். குட்டி மிரண்டு சுற்றி வருகிறது. நாம் பேசாமல் இருக்கிறோம். மூக்கை நீட்டுகிறது, பின்வாங்குகிறது, மறுபடி நீட்டுகிறது. முடிவில் தானே தலையை உள்ளே விட்டுத் தின்பண்டத்தைக் கவ்வுகிறது. அதனைத் தூக்கி நாமே பெட்டிக்குள் வைத்திருந்தால் தின்பண்டம் கிடைத்திருக்கும், பாடம் கிடைத்திருக்காது. இவ்வகை விளையாட்டுகளையே 1980க்குப் பிந்திய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் டன்பார் என்னும் கால்நடை மருத்துவர், இளங்குட்டிகளுக்கெனத் தனி வகுப்பு நடத்திப் பரப்பினார். கழுத்தில் வாரின்றி ஓடியாடும் குட்டிகள், விளையாட்டின் இடையே அழைத்தவுடன் ஓடிவந்து பரிசு பெற்று, மீண்டும் விளையாடப் போகும்.

விளையாட்டு எத்துணை நேரம் நடக்க வேண்டும் என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. டென்மார்க்கில் 44 பீகிள் நாய்களைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் மும்மூன்று பாடம் தொடர்ந்து கற்றவற்றைவிட, வாரத்துக்கு ஓரிரு நாள் ஒரே ஒரு பாடம் கற்றவை குறைந்த பாடங்களிலேயே தேர்ந்தன. தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் படிக்கும் மாணவர்கள் இதனை எவ்வாறு கொள்வார்களோ அறியேன். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பாடம் முடிந்தவுடன் அரைமணி நேரம் விளையாடிய லாப்ரடார் நாய்கள், ஓய்வெடுத்தவற்றைவிட மறுநாள் குறைந்த முயற்சியில் பாடத்தை மீட்டன.

துணிவை அளக்கவும் ஒரு வழி கண்டார்கள். போர்ச்சுகல் நாட்டுப் போர்ட்டோ நகரில், பரிசு முறைப் பள்ளிகளிலும் கண்டிப்பு முறைப் பள்ளிகளிலும் பயின்ற 92 வீட்டு நாய்களைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளியாயிற்று. அறையின் ஒரு பக்கத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் இறைச்சித் துண்டு இருக்கும். மறுபக்கத்துக் கிண்ணம் எப்போதும் வெறுமையாக இருக்கும் என்பதை நாய்கள் முதலில் கற்றன. பிறகு கிண்ணத்தை இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் வைத்தார்கள். அதில் என்ன இருக்கும் என்பது எந்த நாய்க்கும் தெரியாது. கண்டிப்பு மிகுந்த பள்ளிகளின் நாய்கள் தயங்கித் தயங்கி நெருங்கின. பரிசு பெற்றுப் பழகிய நாய்கள் அவற்றினும் விரைந்து சென்று கிண்ணத்தை எட்டிப் பார்த்தன.