ஒரு நாளுக்கு ஒரு தாள்: ஒஸ்லோச் சிறைகளில் எழுதப்பட்ட இரண்டு நாட்குறிப்புகள்

 

"நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இன்றைய நாளைப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சற்றுக் கோபம் வரும். ஊரிலிருந்து வரவேண்டிய ஒரு தொலைபேசி அழைப்புக்காக விடிய விடிய விழித்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் தபால்பெட்டியைத் திறந்து மூடியவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? ஆகவே இன்று நான் அறிவுரை சொல்ல வரவில்லை. இந்த நகரத்துச் சிறைகளில் இருந்த இரண்டு மனிதர்களின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜேர்மனி நோர்வேக்குள் நுழைந்தது. 1945 மே 8 வரை அந்த ஆக்கிரமிப்பு நீடித்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் சிறைப்பட்டவர்களில் பேட்டர் மூன், ஒட் நான்சன் என்ற இருவரும் உண்டு. இருவரும் 1901இல் பிறந்தவர்கள். இருவரும் சிறையில் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள்.

முதலில் மூன். காப்புறுதித் துறையில் கணக்கு வல்லுநராக வேலை செய்தவர். ஆக்கிரமிப்பை எதிர்த்து இரகசியமாக அச்சிடப்பட்ட பத்திரிகைகளில் முக்கிய பங்கு வகித்தவர். 1944 பெப்ரவரியில் பிடிபட்டார். விக்தோரியா தெராஸ்ஸே என்ற கட்டடத்தில் இருந்த கெஸ்டாபோ அலுவலகத்தில் சித்திரவதை செய்தார்கள். பிறகு மோலர்காத்தா 19ஆம் இலக்கச் சிறையில் தனி அறை. நாம் காய்கறி வாங்கவும் ஊர்வலம் போகவும் கூடுகிற யங்ஸ்தோர்க்கே சதுக்கத்தின் பக்கத்தில்தான் அந்தச் சிறை இருந்தது.

அவரிடம் பேனா இல்லை, பென்சில் இல்லை. சன்னல் திரையில் இருந்து கழற்றிய ஓர் ஊசியால் கழிவறைக் காகிதத்தில் எழுத்து எழுத்தாகக் குத்தினார். தாள்களுக்கு எண் போட்டுச் சுருட்டி, காற்றுத் துவாரத்தின் வழியே தரைக்கு அடியில் போட்டார். அதில் வீரவசனம் எதுவும் இல்லை. பயம் இருக்கிறது. அடி தாங்காமல் பெயர்களைச் சொல்லிவிட்டேனே என்ற குற்றவுணர்வு இருக்கிறது. நம்பிக்கை வராமலே செய்கிற பிரார்த்தனையும் இருக்கிறது.

1944 செப்டம்பரில் அவரைக் கைதிகளோடு கப்பலில் ஜேர்மனிக்கு ஏற்றினார்கள். கப்பல் சுவீடன் கரைக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. மூன் இறந்துபோனார். ஆனால் கப்பலில் வைத்துச் சக கைதிகளிடம் தன் தாள்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். தப்பிய மிகச் சிலரின் வழியாகச் செய்தி ஒஸ்லோவுக்கு வந்தது. விடுதலைக்குப் பின் தரைக்கு அடியில் தேடியபோது சுருள்கள் அப்படியே கிடந்தன. 1949இல் புத்தகமாக வந்தது.

இரண்டாமவர் ஒட் நான்சன். கட்டடக் கலைஞர். இவருடைய தந்தை ஃபிரித்யோஃப் நான்சனை உங்களுக்குத் தெரியும். நாடற்றவர்களுக்காக 1922இல் தொடங்கிய நான்சன் கடவுச்சீட்டு அவர் பெயரில்தான் இருக்கிறது. நம்மில் பலர் ஒருகாலம் கையில் வைத்திருந்த அகதிப் பயணப் பத்திரத்தின் பாட்டன் அது. 1893இல் 'ஃப்ராம்' கப்பலை வேண்டுமென்றே பனிக்கடலில் உறையவிட்டு, பனி நகரும் திசையில் மூன்று ஆண்டுகள் போகவிட்டவரும் அவரே. பியூக்தோய் அருங்காட்சியகத்தில் நம் பிள்ளைகள் ஏறி இறங்குகிற கப்பல் அதுதான்.

மகனை 1942 சனவரி 13 அன்று பணயக்கைதியாகப் பிடித்தார்கள். ஒஸ்லோவுக்கு மேற்கே கிரீனி முகாம். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 20,000 பேர் அந்த முகாம் வழியாகப் போனார்கள். பிறகு 1943இல் பேர்லினுக்கு வடக்கே சாக்சன்ஹவுசன். பிடிபட்ட நாளிலிருந்தே மனைவிக்காக எழுதத் தொடங்கினார். கிரீனியில் எழுதிய தாள்கள் இரகசியமாக வீடு சேர்ந்தன. சாக்சன்ஹவுசனில் எழுதியவை ரொட்டி வெட்டும் பலகைகளைக் குடைந்து அதற்குள் ஒளித்து வைக்கப்பட்டு, 1945இல் கைதிகளை மீட்க வந்த வெள்ளைப் பேருந்துகளில் வெளியேறின. புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஃப்ரா தாக் தில் தாக்'. நாளிலிருந்து நாளுக்கு.

கைதிகள் எல்லோரும் வதந்தியில் வாழ்ந்தவர்கள். போர் இதோ முடிகிறது, அடுத்த மாதம் வீடு. தேதி தவறும்போது மனம் உடையும். வேறொரு முகாமில் இருந்த மருத்துவர் விக்டர் பிராங்கல் எழுதிய ஒரு செய்தி இங்கே பொருந்தும். 1944 கிறிஸ்துமஸுக்கும் 1945 புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் முகாமில் சாவு கூடியது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்போம் என்று நம்பியிருந்தவர்கள் தளர்ந்ததே காரணம் என்று முகாமின் தலைமை மருத்துவர் கருதினாராம். நாளையைப் பற்றிய கவலை மட்டுமல்ல, நாளையில் கட்டிவைத்த நம்பிக்கையும் மனிதனைக் கொல்லும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

தமிழில் 'அன்றாடங்காய்ச்சி' என்ற சொல் இருக்கிறது. அன்று உழைத்து அன்று உலை வைப்பவர். இரக்கத்தோடு, சில நேரம் இளக்காரத்தோடு நாம் சொல்லும் சொல். முகாம் எல்லோரையும் அன்றாடங்காய்ச்சி ஆக்கியது. இந்த இருவரும் கவலையையும் அன்றாடம் காய்ச்சி இறக்கினார்கள். மூன் கவலையை விட்டுவிடவில்லை. ஒரு தாளில் எவ்வளவு குத்த முடியுமோ அவ்வளவுதான் இன்றைய கவலை என்று அதற்கு ஓர் எல்லை போட்டார். மீதி நாளைய தாளுக்கு.

அதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 1945 தொடக்கத்தில் அவுஷ்விட்ஸிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்ட பத்து வயது யூதச் சிறுவன் ஒருவன், பனியில் கருகிய இரண்டு கால்விரல்களை இழந்து சாக்சன்ஹவுசன் நோயாளர் அறையில் கிடந்தான். தன் வீடு எப்போது என்ற எண்ணத்திலேயே மூழ்கியிருந்தால் நான்சன் கண்ணில் அவன் பட்டிருக்க மாட்டான். அவர் போய்ப் போய்ப் பார்த்தார், உணவு கொடுத்தார், அவனைக் கவனித்துக்கொள்ள ஆளும் பிடித்தார். அந்தச் சிறுவன் தோமஸ் புவர்கென்தால். பின்னாளில் 2000 முதல் 2010 வரை அனைத்துலக நீதிமன்றத்தின் நீதிபதி.

அன்றைக்கு நான்சன் எதிர்கால நீதிபதியைக் காப்பாற்றவில்லை. அன்று பசித்த ஒரு பிள்ளைக்கு அன்று உணவு கொடுத்தார். அவ்வளவுதான்.

தொலைபேசிக்காகக் காத்திருந்த அந்த ஆண்டுகளில் என் பக்கத்து அறையில் யார் இருந்தார், சாப்பிட்டாரா என்று நான் கேட்டேனா? யோசித்துப் பார்க்கிறேன். பல நாட்கள் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம்.