‘ரா’ ஃபைல் என்றால் என்ன? மஞ்சளாக விழுந்த கல்யாண போட்டோவைக்கூட காப்பாற்றுவது எப்படி?

கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் மணமக்கள் முகமெல்லாம் மஞ்சள் பூசினது போல இருக்கும். அதே படம் ஆல்பத்தில் பளிச்சென்று வந்திருக்கும். பெரும்பாலும் காரணம், போட்டோகிராபர் அதை ‘ரா’ ஃபைலாக எடுத்திருப்பதுதான்.

ரா ஃபைலில் என்ன இருக்கும்?

உண்மையில் அது இன்னும் படமே இல்லை. சென்சாரில் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்ற கணக்கு, அவ்வளவுதான். சென்சாருக்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிக்சல் மேலேயும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு வடிகட்டி வைத்திருப்பார்கள். பெரும்பாலான கேமராக்களில் இருப்பது, கோடாக் விஞ்ஞானி பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அதில் பாதி பிக்சல்கள் பச்சைக்குத்தான். ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களை, அக்கம்பக்கத்து பிக்சல்களைப் பார்த்து நிரப்புவதுதான் ப்ராசஸிங்கின் முதல் வேலை.

ஜேபெக் போதாதா?

ஜேபெக்கில் இந்த வேலையை எல்லாம் கேமராவே முடித்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான் மிஞ்சும். 14 பிட் ராவில் அது 16,384. அதனால்தான் மஞ்சளைக் குறைத்தாலும், நிழலில் இருக்கும் முகத்தைத் தூக்கினாலும் படம் அவ்வளவாகக் கெடாது.

ஆனா ராவும் மந்திரம் இல்லை. வெளிச்சம் அதிகமாகி வேட்டி மொத்தமும் வெள்ளையாக வெளுத்துப் போச்சுன்னா, அந்த மடிப்புகள் திரும்ப வராது. அங்கே பதிவே இல்லையே!

ஒரிஜினல் மாறிவிடுமா?

மாறாது. லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் போன்ற மென்பொருட்கள், செய்த மாற்றங்களைத் தனிக் குறிப்பாகத்தான் சேமிக்கும். ஃபிலிம் காலத்து நெகட்டிவ் மாதிரி.

செய்தித் துறையில் இதுவே இரண்டு பக்கமும் வெட்டுது. 2015-ல் ராய்ட்டர்ஸ், ராவிலிருந்து ப்ராசஸ் செய்த படங்களை அனுப்ப வேண்டாம் என ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்களிடம் சொன்னது. வேகமும் நம்பகத்தன்மையும்தான் காரணம். வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியிலோ, இறுதிக் கட்டத்துக்கு வரும் படங்களில் கைவைக்கவில்லை என்று சரிபார்க்க ரா ஃபைலைத்தான் கேட்கிறார்கள்.

செல்போனில் எடுக்கலாமா?

எடுக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் கேமராவின் ‘ப்ரோ’ மோடில் இந்த வசதி இருக்கும். ஐபோனில் 12 ப்ரோ மாடலில் இருந்து ‘ப்ரோரா’ உண்டு. ஆனால் ஒவ்வொரு ஃபைலும் ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெரிசு, ஸ்டோரேஜ் சீக்கிரம் நிரம்பிடும்.

கல்யாண போட்டோகிராபரிடம் ரா ஃபைலும் வேணும்னா, அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிடுங்க. ப்ராசஸ் செய்யாத படத்தைக் கொடுக்க நிறைய பேர் விரும்ப மாட்டார்கள். ஆல்பம் கைக்கு வந்த பிறகு கேட்டால், இடத்துக்காக அதை அழித்தே இருக்கலாம்.